மதகடியில் ஒரு பச்சை டப்பா

போன தை மாதம், பொங்கல் விடுமுறையில் நடந்தது இது. நான் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. 'ஜியோகேச்சிங்' என்றொரு புதையல் விளையாட்டில் எனக்குப் பைத்தியம். யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, போன் செயலியில் குறிப்பு போடுவார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, டப்பாவுக்குள் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாமல் செய்வதுதான் இதில் சுவாரஸ்யமே.

அன்று ஸ்கூட்டரில் நான் போனது திருப்பனந்தாள் பக்கம் ஒரு பழைய ஊருக்கு. கோயில் மண்டபத்துத் தூண்களையும் குளத்துப் படிகளையும் எண்ணி, அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் டப்பா இருக்கும் இடம் வரைபடத்தில் தெரியும். காலை முழுக்க எண்ணினேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கடைக்காரர் கேட்டார்.

"காலையிலேருந்து எதையோ எண்ணி எண்ணி எழுதுறீங்களே, என்னங்க விஷயம்?"

விளையாட்டு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "நிலம் வாங்கலாம்னு பார்க்க வந்தேங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் சட்டென்று மாறியது. போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் போனார்.

நான் வாய்க்கால் கரையோரமாக வண்டியை ஓட்டினேன். பின்னால் ஒரு மொபெட். நான் நின்றால் அதுவும் நின்றது, கிளம்பினால் கிளம்பியது. இருபுறமும் அறுவடைக்கு நின்ற சம்பா; கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு வீடுகூட இல்லை. கழுத்துச் சங்கிலியைத் துப்பட்டாவுக்குள் தள்ளிக்கொண்டேன். திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் போனில் புள்ளி நூறடி தூரத்தில் காட்டியது. ஆசை விடவில்லை.

வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் ஏறினேன். அதன் ஓரத்தில் ஒரு சின்ன மதகு. குனிந்து அதன் அடியில் கையை விட்டேன்.

"கைய எடுங்க!"

என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கையில் கதிர் அறுக்கும் கருக்கரிவாள். அவளுக்குப் பின்னால் மொபெட்காரர், டீக்கடைக்காரர், இன்னும் இரண்டு பேர். கையை வெளியே எடுத்து எழுந்தேன்.

"எந்தக் கம்பெனி நீங்க? எங்க வயல்ல என்ன அளக்குறீங்க?"

உண்மையைச் சொன்னேன். டப்பா, நோட்டு, விளையாட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, என் காதுக்கே அது புளுகாகக் கேட்டது. டீக்கடைக்காரர், "அப்ப நிலம் வாங்க வரலையா?" என்றார். வெட்கத்தில் சொன்ன பொய் என்றேன். அந்தப் பெண் என் போனை வாங்கிப் பார்த்தாள். புள்ளி சரியாக அவள் வரப்பின்மேல் இருந்தது.

"இப்படித்தாங்க ரெண்டு பேரு போனோட வந்தாங்க, வெயிலுக்குத் தண்ணி கேட்டாங்க, குடுத்தேன். அடுத்த மாசமே, எங்களக் கேக்காம, கேஸ் குழாய் போகப் போவுதுன்னு வயலுக்கு நடுவுல கல்லு நட்டுட்டாங்க. அதப் புடுங்க நாங்க பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா?"

மதகு முழுக்கத் தேடினோம். டப்பா இல்லை. இனி போலீஸ்தான் என்று நினைத்தேன். கடைசி முயற்சியாக, செயலியில் படித்த குறிப்பை வைத்து, "பச்சை டப்பாங்க, மூடியில சிவப்பு டேப் ஒட்டியிருக்கும்" என்றேன்.

அவள் அப்படியே நின்றாள். பிறகு மொபெட்காரரிடம் ஏதோ சொல்ல, அவர் போய் ஒரு சாக்குப் பொட்டலத்தோடு வந்தார். மதகில் அடைத்திருந்த குப்பையை வாரியபோது கிடைத்ததாம். கம்பெனி வைத்துவிட்டுப் போன கருவி என்று பயந்து, திறக்காமல் மாட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறாள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவில்லையாம்.

நான்தான் திறந்தேன். ஒரு நோட்டு, இரண்டு கோலிக்குண்டு, பிளாஸ்டிக் பஸ் ஒன்று. டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. கோலிக்குண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிப் பார்த்தாள்.

"இதுக்காங்க மூணு மாசம் பயந்து கெடந்தேன்? வெச்சவரு ஒரு வார்த்த கேட்டுட்டு வெச்சிருக்கலாம்ல?"

வைத்தவர் நானில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நானும் கேட்காமல்தானே வரப்பில் ஏறினேன்? நான் இதே காவிரித் தண்ணீரில் வளர்ந்தவள். இந்த ஊர்களில் போனும் நோட்டுமாக வருபவரைப் பார்த்தால் ஏன் பயம் வரும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். டப்பாவை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள், எடுத்துக்கொண்டேன். வைத்தவருக்கு நடந்ததை எழுதினேன். அவர் வருத்தப்பட்டு, அந்த இடத்தை வரைபடத்திலிருந்தே நீக்கிவிட்டார்.

நான் ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அவள் போனை எடுத்து என் வண்டி எண்ணைப் படம் பிடித்துக்கொண்டாள். அப்போதும் என்னை முழுதாக நம்பவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை.

இன்றும் விளையாடுகிறேன். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும், போனை எடுப்பதற்கு முன் அங்கே நிற்பவரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டுவிடுகிறேன். சிலர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், ஏன் என்று கேட்காமல் திரும்பி வந்திருக்கிறேன்.