இருக்கைக்கு அடியில் ஒரு கொண்டை ஊசி

கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் எல்லாரும் கண் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் சாய்ந்து, இமையை மூடி, சமர்த்தாக இருந்தார்கள். அவள் மட்டும் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். மருந்து விட்ட நர்ஸ் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, இது திருந்துகிற கேஸ் இல்லை என்று போய்விட்டாள்.

"அண்ணி, கொஞ்ச நேரம் ஓரிடத்துல இருங்களேன். உங்களைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்றாள் துணைக்கு வந்திருந்த நாத்தனார்.

"இருந்துகிட்டுத்தானே இருக்கேன்?"

"எங்க இருக்கீங்க? நின்னுகிட்டு இருக்கீங்க."

வேலை செய்யும் இடத்தில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். சாப்பிடும்போதும் ஒரு காலை வாசல் பக்கம் நீட்டி வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவள் அவள். தூங்கும்போதாவது அடங்குவாளா என்று கேட்டால், அவள் கணவர் பெருமூச்சு விட்டுவிட்டுத் தன் முழங்காலைத் தடவிக் காட்டுவார்.

அப்படிப்பட்டவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை வாய்த்தது ஒரு வேடிக்கை. ஊருக்குத் தண்ணீர் சுத்தம் செய்து அனுப்பும் நிலையம் அது. பெரிய பெரிய தொட்டிகள், தொட்டிகளைச் சுற்றி உயர்த்திய மண்கரைகள், கரை முழுக்கப் புல். புல் உயர்ந்தால் பாம்பு வரும். கரையில் விரிசல் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் வாரம் தவறாமல் வெட்டியாக வேண்டும். வெட்டுவதற்கு ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற ஒரு வண்டி உண்டு. அதை ஓட்டிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போனபோது, "யாரு கத்துக்கிறீங்க?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். வடிகட்டும் கூடத்தில் தரை பெருக்கிக்கொண்டிருந்த இவள், கேள்வி முடிவதற்குள் துடைப்பத்தோடு கையைத் தூக்கினாள். பம்ப் அறையில் வேலை பார்த்த கணவரும் கூடவே கற்றுக்கொண்டார். காலையில் இவள், மதியத்துக்கு மேல் அவர்.

வண்டியில் ஏறிய முதல் நாள் அவள் வீட்டுக்கு வந்து, "நான் உக்காந்திருக்கேன், ஆனா போய்கிட்டே இருக்கேன்" என்று சொன்னாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு அதற்கு முன் எதிலும் வந்ததில்லை.

கணவருக்கு நிலையத்தில் நிதானம் என்று பெயர். வண்டியைக் கிளப்புமுன் புல்வெளியை ஒரு சுற்று நடந்து, கல், கிளை, எவனோ விட்டெறிந்த பாட்டில் எல்லாவற்றையும் பொறுக்குவார். பின்னுக்கு எடுக்குமுன் இரண்டு தோளுக்கு மேலாகவும் திரும்பிப் பார்ப்பார். "பின்னாடி என்ன, படமா ஓடுது?" என்று கேலி செய்வாள் இவள். கரைச் சரிவில் மட்டும் இரண்டு பேரும் ஒரே மாதிரி: நேராக ஏறி நேராக இறங்குவார்கள். ஒரு தடவை அவசரத்துக்குக் குறுக்கே ஓட்டிப் பார்த்து, ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பியபோது இவளுக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. அந்த ஒரு விஷயத்தில் பம்பரத்துக்கும் புத்தி வந்தது.

நிதானத்துக்கு ஒரே ஒரு சோம்பல் உண்டு. இறங்கும்போது சாவியைத் திருப்பமாட்டார். வண்டியின் இருக்கைக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்சு இருக்கிறது. ஆள் உட்கார்ந்திருந்தால்தான் எஞ்சின் ஓடும். எழுந்தால் எஞ்சினும் நிற்கும், அடியில் சுழலும் கத்திகளும் நிற்கும். "எழுந்தா தானா அணையுது. சாவியை எதுக்கு வீணா தொந்தரவு பண்ணணும்?" என்பார்.

நல்ல ஏற்பாடுதான், உடம்பில் கனம் உள்ளவர்களுக்கு. இவளோ ஈர்க்குச்சி. தரையில் மேடு வந்து வண்டி குலுங்கினால் இவள் இருக்கையை விட்டு எழும்புவாள். ஆள் இறங்கிவிட்டாள் என்று நினைத்து எஞ்சின் அணைந்துவிடும். காலை முழுக்க இதே கூத்து. ஒரு நாள் மேற்பார்வையாளர் நின்று பார்த்துவிட்டு, "இந்த வண்டிக்குக் கொஞ்சம் கனமான ஆள் வேணும்போல" என்று சொல்லிக்கொண்டே போனார். சும்மா சொன்னாரோ என்னவோ, இவளுக்கு மறுபடி துடைப்பம் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. அன்றைக்கே கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். சுவிட்சின் ஒயரைப் பிடுங்கி, அந்த முனையில் இருந்த இரண்டு ஓட்டைகளிலும் ஊசியின் இரண்டு கால்களைச் செருகினாள். அதற்குப் பிறகு ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டிக்குக் கவலை இல்லை. கல் கிடந்தால் எஞ்சின் ஓட ஓடக் குதித்து இறங்குவாள், பொறுக்குவாள், குதித்து ஏறுவாள். ஆபத்து என்று தெரியாதா? தெரியும். தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிற ஜாதி அவள்.

மதியம் வண்டியைக் கணவரிடம் விடுமுன் ஊசியை உருவி, ஒயரை மறுபடி மாட்டிவிடுவாள். ஒரு நாளும் தவறியதில்லை என்பது அவள் எண்ணம். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தட்டில் கால் அகன்ற கொண்டை ஊசி அடிக்கடி கிடக்கும். நாம்தான் கழற்றி வைத்திருப்போம் என்று எடுத்துச் செருகிக்கொள்வாள்.

இப்போது பெஞ்சுக்கு முன்னால் நின்றவள், நாத்தனாரிடம் ஏதோ சொல்லத் தலையைத் திருப்பினாள். கொண்டை அவிழ்ந்து கழுத்தில் விழுந்தது. கையை வைத்து ஊசியைத் தேடினாள்.

ஊசி இல்லை.

நேற்று காலை வேலை நடுவில் மழை பிடித்துக்கொண்டது. வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள். மதியம் யாரும் வண்டியை எடுக்கவில்லை. ஊசி அங்கேயே, இருக்கைக்கு அடியில் இருக்கிறது. இன்றைக்கு இவள் கண் காட்ட வந்துவிட்டதால் காலையிலேயே வண்டி அவர் கையில். ஈரப் புல் கத்திக்கு அடியில் அப்பிக்கொள்ளும், வெட்டிய புல்லை வெளியே தள்ளும் வாய் அடைத்துக்கொள்ளும். அவர் எழுந்திருப்பார். எஞ்சின் அணைந்துவிடும் என்று நம்பி, ஓசை நிற்கிறதா என்றுகூடக் கேட்காமல், எஞ்சின் இரைச்சலுக்காக மாட்டும் பெரிய காதடைப்பான் காதில் இருக்க, குனிந்து உள்ளே கையை விடுவார்.

கையுறை போட்டிருப்பார் என்று மனசுக்கு ஒரு சாக்குச் சொல்லிப் பார்த்தாள். எலி கடித்துவிட்டது என்று கொஞ்ச நாளைக்கு முன்னால் அவர் கொண்டுவந்து நீட்ட, இவள்தான் அதன் நடுவிரல் நுனியைத் தைத்துக் கொடுத்தாள். எலிக்கு வேறு தீனியே கிடைக்கலையா என்று சிரித்தாள். எலியே கடிக்கிற கையுறை கத்திக்கு என்ன தாங்கும்?

"உங்க அண்ணனுக்குப் போன் போடு. சீக்கிரம்!"

நாத்தனார் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் போனைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொட்டகையில் மாட்டிவிட்டுப் போகிறவர் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"கேட்டுக்குப் போடு. என் போன்ல கேட்னு போட்டிருப்பேன் பாரு. எனக்கு எழுத்தே தெரியல, எல்லாம் கலங்கலா இருக்கு."

வாசல் காவலாளி எடுத்தார். அவர் பின்னால் லாரி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. "அவரு பெரிய கரைக்குப் பின்னாடி இருக்காரும்மா. லாரி நிக்குது, நான் கேட்டை விட்டு நகர முடியாது. என்ன சொல்லணும்?"

"வண்டியை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்னு சொல்லுங்க!"

காவலாளி சிரித்தார். "உக்காந்தே இருக்கணுமா? அதை அவருக்குச் சொல்லியா தரணும்?"

போனை நாத்தனார் மீது போட்டுவிட்டு அவள் வாசலைப் பார்த்து நடந்தாள். முதலில் ஒரு நாற்காலியிலும் பிறகு ஒரு பெரியவர் மீதும் மோதினாள். நர்ஸ் பின்னாலிருந்து கத்தியது காதில் விழவே இல்லை.

டாக்சியில் ஏறிய பிறகுதான் நாத்தனாருக்கு விஷயத்தைச் சொன்னாள். முழுக்கச் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை.  

நாத்தனார் இவள் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "என் அண்ணன் கைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உங்களை மன்னிக்கமாட்டேன் அண்ணி. இப்பவே சொல்லிடுறேன்."

"நானும்தான்."

வெயில் கண்ணுக்குள் கொதித்தது. மூடினாலும் எரிந்தது, திறந்தாலும் வெள்ளை வெளேரென்று ஒன்றும் தெரியவில்லை. முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு அரை எழும்பலாகவே வந்தாள். "இந்த வண்டி போகுதா, நிக்குதா?" என்று மூச்சுக்கு மூச்சு கேட்டாள். டிரைவர் பாவம், "போகுதும்மா" என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னார்.

வாசலில் இறங்கியதும் எஞ்சின் சத்தம் கேட்டது. கரைக்கு அந்தப் பக்கம். புல்லை மேய்கிற கனத்த சத்தம். ஓட்டிக்கொண்டிருக்கிறார், உட்கார்ந்துதான் இருக்கிறார். அவளுக்கு அழுகை வந்தது. நாத்தனார் கையை உதறிவிட்டு, கால் பழகிய பாதையில் ஓடினாள். ஓடும்போதே சத்தம் மாறியது. சுமை இல்லாமல், லேசாக, நின்ற இடத்தில் ஓடுகிற எஞ்சின். புல் அடைத்துக்கொண்டது. நிறுத்திவிட்டார்.

"எழுந்திருக்காதீங்க!" என்று கத்தினாள். "ஏங்க! எழுந்திருக்காதீங்க!"

சத்தம் அடியோடு நின்றது. எதனால் நின்றது என்று அவளுக்கு விளங்கவில்லை. கண்ணும் தெரியாமல் சத்தமும் கேட்காமல் நின்ற அந்த நொடியைப் போன்ற பயம் அவள் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை. மறுபடி ஓடி, தண்ணீர்க் குழாய் ஒன்று தடுக்கி, ஈரப் புல்லில் குப்புற விழுந்தாள்.

"அடடா, அடடா. கண்ணு காட்டப் போனவ இங்க என்ன பண்றே?" அவர் குரல்தான். அவசரமே இல்லாத அதே குரல். இரண்டு கைகள் அவளைத் தூக்கி நிறுத்தின.

அவள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தன.

"ஊசி..." என்றாள். "இருக்கைக்கு அடியில..."

"தெரியும். காலையிலயே எடுத்துட்டேன்." சட்டைப் பையிலிருந்து எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"தெரியுமா?"

"நீ மறந்துட்டுப் போறது இது முதல் தடவையா? எடுத்துட்டு வந்து கண்ணாடித் தட்டுல வைப்பேன். நீ தலையில செருகிப்பே."

நாத்தனார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். அண்ணன் முழுசாக நிற்பதைப் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் திட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று கொட்டகைப் பக்கம் போய்விட்டாள்.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவர் ஒரு கையுறையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார், வியர்வை துடைக்கப் போகிறவர்போல. அவள் விரல் தானாகவே நடுவிரல் நுனிக்குப் போனது. தன் தையல். இழுத்து இழுத்துப் போட்ட நெருக்கமான தையல், அவசரத்தில் ஒரு பக்கம் கோணியிருந்தது.

"எலி" என்றாள்.

"எலி இல்ல."

அவள் விரல் தையல் மேலேயே நின்றது.

"எழுந்தேன், கையை விட்டேன். கையுறை கொஞ்சம் பெரிசு, நுனியில காலியா இருந்துச்சு. அதுதான் போச்சு. அன்னிக்கிலேர்ந்து சாவியைக் கழட்டிப் பையில போட்டுட்டு, குச்சியாலதான் குத்தி எடுக்குறேன். இப்பவும் அதைத்தான் பண்ணிகிட்டு இருந்தேன்."

"ஏன் சொல்லல? பாவி மனுஷா, ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ வண்டியை விட்டுடுவே. மறுபடி துடைப்பம் பிடிப்பே. நீ பெருக்குன காலத்துல வீட்டுக்கு வந்து ஒரு நாளாவது சிரிச்சிருக்கியா?"

"என் சிரிப்புக்காக உங்க விரலைக் கொடுப்பீங்களா? நான் அந்த ஊசியோட குதிச்சுக் குதிச்சு இறங்கும்போது எனக்கு ஏதாவது ஆயிருந்தா? அதையும் பாத்துகிட்டு நிதானமா நின்னிருப்பீங்களா?"

 அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க அவளுக்குக் கண் இல்லை. "தப்புதான்" என்றார் அவர். "தினம் சொல்லணும்னு நினைப்பேன். நீ நின்னாத்தானே சொல்றதுக்கு?"

கோபம் தலைக்கேறியது. அவர் மேலா, தன் மேலா என்று பிரிக்க முடியாத கோபம். கையிலிருந்த ஊசியைப் பலம்கொண்ட மட்டும் வீசினாள்.

"ஐயையோ! எங்க வீசினே? அந்தப் பக்கம் இன்னும் வெட்டவே இல்ல. கத்தி அதை எடுத்து அடிச்சா யாரு கண்ணுக்குப் போகுமோ!"

"நான் தேடுறேன்."

"நீ நில்லு. கண்ணே தெரியாம என்னத்தைத் தேடுவே? நீ நின்ன இடத்தை வச்சுத்தான் எங்க விழுந்திருக்கும்னு பாக்கணும். நகந்துட்டீன்னா எல்லாம் போச்சு."

அவர் மண்டியிட்டுப் புல்லைக் கையால் விலக்கித் தேடுகிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு மேற்பார்வையாளர்கிட்ட நானே சொல்லிடுறேன்" என்றாள். "இந்த சுவிட்சுக்கு என் எடை பத்தலைன்னு."

"அந்த ஸ்பிரிங்கை லேசானதா மாத்தித் தரச் சொல்லிக் கேக்கலாம். தருவாங்களான்னு தெரியாது."

"தரலைன்னா பெருக்குறேன்."

 புல் சலசலத்தது. அவள் கால் அரித்தது, முதுகு அரித்தது, ஒரு எட்டு எடுத்து வைத்தால் போதும்போல் இருந்தது.

"கிடைச்சுதா?"

"இல்ல."

"நான் வரட்டுமா?"

"நில்லுன்னு சொன்னேன்ல."

நின்றாள். கையுறை கையிலேயே இருந்தது. காலியாக இருந்த அந்த நுனியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வெயிலில் வெளுத்துத் தெரிந்த, புல் சலசலத்த பக்கத்தைப் பார்த்தபடி, அவர் போதும் என்று சொல்லும்வரை நின்றாள்.