மண்தைலக் கிடங்கில் நாகம்மாள்

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம். ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் நாகம்மாள் இருந்தாள். பறி என்னும் ஓலைக்கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் குந்தி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதுதான் அவள் பிழைப்பு. விரல் பட்ட மாத்திரத்தில் கல் எது, நண்டு எது, இறால் எது என்று அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் ராமனே, "அவ கையில கண்ணு இருக்குது" என்பான்.

ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலேறி அடைத்துக்கொண்டது. தண்ணீர் வற்றி உப்புக் கரித்தது. இறால் செத்து மிதந்தது. ராமன் விறகு வெட்டப் போனான். அது அரைவயிற்றுக்குக்கூடக் காணவில்லை.

அப்போது ஊரில் ஒரு வியாபாரி, பர்மாப் பக்கத்துப் பெகு தேசத்துக் கப்பல்களிலிருந்து மண்தைலம் இறக்கிக்கொண்டிருந்தார். பூமிக்குள்ளிருந்து ஊறும் கறுப்பு எண்ணெய் அது. படகில் பூசினால் பலகையைப் புழு அரிக்காது. உத்தரத்தில் பூசினால் கரையான் ஏறாது. ஆள் உயரச் சாடிகளில் வருவதைச் சின்னக் குடங்களுக்கு மாற்றப் பெண்கள் வேண்டும், கூலி அரிசி என்றார்கள். நாகம்மாளும் ராமனின் தங்கை ராஜாத்தியும் போனார்கள்.

கிடங்குக்கு ஜன்னல் கிடையாது. முதல் நாள் உச்சிப்பொழுதுக்குள் ராஜாத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணமே இல்லாமல் சிரித்தாள்.

"கள்ளு குடிச்சாப்பல இருக்குது அண்ணி."

சாயங்காலம் இருவரும் வழியெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டே வீடு வந்தார்கள். தலை பிளந்தது. காலையில் சரியாகிவிட்டது, மறுபடி போனார்கள். பத்து நாளில் வாந்தி நின்றது. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மேஸ்திரி கோதண்டத்திடம் ஒருநாள் நாகம்மாள் கேட்டாள்: "கதவையாச்சும் தொறந்து வையுங்க மேஸ்திரி. மூச்சு முட்டுது."

"தொறந்தா மண்ணு பறந்து தைலத்துல வுழும். நெருப்பு புடிச்சிக்கும்னு வெளக்குகூட வெக்காம கீறோம். இன்னும் இன்னா வோணும் உனக்கு?"

தீயைக் கண்டு எல்லோருக்கும் பயம் இருந்தது. நெடியைக் கண்டு பயப்பட யாருக்கும் தெரியவில்லை.

கிடங்கின் மூலையில் ஒரு குழி. சாடிகளிலிருந்து கசியும் தைலம் அதில் போய்த் தேங்கும். ஐப்பசியில் இரண்டு சாடிகள் விரிசல் கண்டு, குழியில் முழங்கால் மட்டத்துக்குத் தைலம் நின்றது. அதை அள்ள ராஜாத்தியை இறங்கச் சொன்னார் கோதண்டம். அவள் இறங்கி நாலு செம்பு மொண்டு கொடுத்தாள். ஐந்தாவது செம்பு மேலே வரவில்லை. நாகம்மாள் எட்டிப் பார்த்தபோது ராஜாத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், தூங்குகிறவளைப் போல. நாகம்மாள் குனிந்து அவள் முடியைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கும் கண் இருட்டியது. மற்ற பெண்கள் நாகம்மாளின் இடுப்பைப் பிடித்து இழுத்து, இருவரையும் வாசலுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். நாகம்மாளுக்கு மூச்சு வந்தது. ராஜாத்திக்கு வரவில்லை.

"காத்து கருப்பு அடிச்சிடுச்சு" என்றார் கோதண்டம். மறுநாள் குழிக்கு எலுமிச்சம்பழம் அறுத்து, குங்குமம் வைத்தார்கள். கதவு பழையபடி சாத்தப்பட்டது.

நாகம்மாள் வேலையை விட்டாள். அதற்குள் மழை பெய்து முகத்துவாரம் திறந்திருந்தது. பறியைக் கவ்விக்கொண்டு ஏரியில் இறங்கினாள். ஈறு வலித்தது, பறியின் விளிம்பெல்லாம் ரத்தம். சேற்றுக்குள் கையை விட்டாள். தைலத்தில் ஊறி வெடித்துத் தோலுரிந்த விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சேறும் ஒன்றுதான், இறாலும் ஒன்றுதான். பக்கத்தில் தடவிக்கொண்டிருந்த பெண்கள் பறி நிறையக் கரையேற, அவள் பறியின் அடியில் நாலு இறால் துள்ளிக்கொண்டிருந்தது. மூன்று நாள் பார்த்தாள். நாலாம் நாள் காலையில் கிடங்கு வாசலில் போய் நின்றாள்.

கோதண்டம் குடத்தை எடுத்துக் கொடுத்தார்.

அதன்பின் ஒரே ஒரு காரியத்தில் மட்டும் அவள் பிடிவாதமாக இருந்தாள். வேலைக்கு வருகிற ஒவ்வொருத்தியிடமும், "குழியில மட்டும் எறங்காத. அடிச்சாலும் எறங்காத" என்று சொன்னாள். யாரும் இறங்கவில்லை. கோதண்டம் திட்டிப் பார்த்துவிட்டு, நீளக் கழியில் செம்பைக் கட்டி அள்ளச் சொன்னார். அவளால் ஆனது அவ்வளவுதான்.

மூன்றாம் வருஷம் அவள் உடம்பு வெளுத்து, இடித்துக்கொள்ளாத இடத்திலெல்லாம் கன்றிப்போனது. பத்தடி நடந்தால் இரைத்தது. வைத்தியர் நாடி பார்த்துச் சோகை என்றார். கரிசலாங்கண்ணி அரைத்துக் கொடுத்தும் ரத்தம் ஊறவில்லை. படுத்தவள் எழவில்லை.

கோதண்டம் வீட்டுக்கே வந்தார். "கப்பல் வந்துகீது, ஆள் பத்தலை. உங்க வூட்லேர்ந்து யாராச்சும் வாங்க."

ராமன் பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு காலியாகக் கிடந்த அரிசிப் பானையைப் பார்த்தான்.

"வோணாம்யா" என்றாள் நாகம்மாள். "ராஜாத்தி போனது போதும். பட்டினி கெடந்தாலும் நாலு நாள் சேத்து உசுரோட இருக்கலாம்."

"உனக்குக் கஞ்சி யாரு ஊத்துவா?" என்றான் ராமன். அவன் அழுதுகொண்டிருந்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோதண்டத்தின் பின்னால் போனான்.

தினமும் அவன் கொண்டுவந்த அரிசியில்தான் அவளுக்குக் கஞ்சி. ஊட்ட வரும்போது அவன் கையின் நெடி தாங்காமல் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவன் கையைச் சாம்பலால் தேய்த்து, மணலால் தேய்த்து, ஏரியில் கழுவிவிட்டு வருவான். நெடி போகவில்லை. பசிக்கும்போது அவள் அந்தக் கையாலேயே குடித்தாள்.

பங்குனியில் நாகம்மாள் செத்துப்போனாள். வயது முப்பத்தைந்துக்குள்தான் இருக்கும். ராமன் ஒருநாள் மட்டும் வேலைக்குப் போகவில்லை.