வயிறு கிழிக்காத கானாங்கத்த

அன்றைக்கு வீட்டில் அம்மா, அப்பா, அக்கா, நான் என நாலு பேரும் இருந்தோம். அக்கா வீட்டுக்காரர் மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் அவருக்குக் கம்பெனியில் ஷிப்ட்.

புரட்டாசி முழுக்க எங்கள் தெருவில் யாரும் மீனைத் தொடுவதில்லை. மாதம் முடிந்த அன்றே விலை ஏறிவிடும் என்று அம்மா முதல் நாள் சாயங்காலமே ஐயம்பேட்டையில் கானாங்கத்த வாங்கி, கொல்லையில் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். ஆனால் மாசம் முடியாமல் கத்தி வைக்கக் கூடாது. குடல் எடுக்காமல் முழுசாகவே கிடந்தது மீன்.

"வாங்கலாம், அறுக்கக் கூடாதா? சாமிக்கு இன்னா, மூக்கு இல்லன்னு நெனச்சிக்கினியா?" என்றார் அப்பா.

"நாளைக்குத் துன்றப்போ இதப் பேசுங்க, பாக்கலாம்."

மறுநாள் காலையில் அறுத்தால் வயிற்றிலும், அதையொட்டிய சதையிலும் வெள்ளையாகப் புழுக்கள் சுருண்டிருந்தன.

"பாவு நூலாம்மா, ஊடையா?" தறியிலிருந்து எழுந்து வந்த அக்கா சிரித்தாள்.

"வேணாம்மா, கொட்டிடு" என்றேன். உயிர்வேதியியல் படிக்கிறேன், எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்தவன் நான் ஒருவன்தான்.

"ஏம்பா, எண்ணெயில சாவாதா?" என்றாள் அம்மா.

சாகும். அதைத்தான் சொன்னேன். அம்மா புழுவைப் பொறுக்கி எறிந்துவிட்டு மொறுமொறுவென்று வறுத்தாள். எல்லோரும்தான் சாப்பிட்டோம்.

அக்காவுக்கு மட்டும் வந்தது. கழுத்தில் தடிப்பு, பிறகு வாந்தி. உதடு வீங்கிப் பேச்சு நின்றது. ஆட்டோவில் என் சட்டையைப் பிடித்தபடி காற்றுக்காக இழுத்துக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் மூச்சு சீரானது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: மீன் செத்ததும் புழு குடலை விட்டுச் சதைக்குள் நுழையும், துளைப்பதற்கு நொதிகளைச் சுரக்கும். வறுத்தால் புழு சாகும். அது விட்டுப்போனதில் சில புரதங்கள் சூட்டிலும் கெடாது. சில உடம்புக்கு அதுவே விஷம்.

"வாங்கனதுமே கொடல எடுத்திருக்கணும்மா" என்றார் அம்மாவிடம்.

வெளியே வந்து அம்மா கேட்டாள்: "சாமிக்குப் பயந்து அறுக்காம வெச்சதாலதான் இப்படி ஆச்சா? இல்ல, மாசத்துக்குள்ள வாங்கனதுக்கா?"

நொதியைப் பற்றி மறுபடி விளக்க ஆரம்பித்தேன்.

"நான் அதக் கேக்கலப்பா."

அக்கா இனிமேல் கடல் மீன் தொடக் கூடாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். வார்டு, பரிசோதனை, மருந்து, ஆட்டோ எல்லாம் சேர்த்துப் பதினெட்டாயிரத்து அறுநூறு ரூபாய் ஆனது.