நாற்பது இடம், நாற்பத்து மூன்று பேர்

ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. காலை 9.17. வானத்தில் ஒரு முகில்கூட இல்லை. கச்சான் காற்று சூடாக அடித்துக்கொண்டிருந்தது.

என் கம்பியூட்டர் திரையில் 43 என்று வந்தது. இடமோ நாற்பதுதான்!

விஷயம் இதுதான். எங்கள் முதியோர் சங்கம் இலவசக் கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு ஆட்களைப் பதிந்தது. நாவற்குடாப் பெயர்களை எழுதிய கொப்பி என்னிடம்; ஏறாவூர்க் கொப்பி நண்பர் ஹனீபாவிடம். இரண்டையும் சேர்த்து, ஒருவர் இரண்டு தரம் வராமல் பார்த்து, பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும். பதிந்த வரிசையில் முதல் நாற்பது பேருக்கு இந்த வருடம். மிச்சப் பேருக்கு அடுத்த வருடம்.

நாற்பத்து மூன்றாவது ஆள் என் விறாந்தையிலேயே உட்கார்ந்திருந்தார். தம்பிராசா. வாவியில் வலை வீசுகிறவர். வலையில் எங்கே கிழிசல் என்று இப்போது விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறார்.

"சேர், என்ட பேர் இரிக்கா?"

"கொஞ்சம் பொறுங்க, பாக்கிறன்."

வேறென்ன சொல்வது?

கொப்பியை விரித்துக் கையால் சரிபார்த்திருக்கலாமே என்பீர்கள். என் கண்ணிலும் புரைதானே! அதனால்தான் பைத்தன் — கம்பியூட்டருக்கு வேலை சொல்லும் மொழி. ஹனீபாவும் நானும் சேர்ந்து படித்தது. மொத்தம் 24 வகுப்பு. நான் ஒன்றும் தவறவிடவில்லை. அவர் மூன்று.

பட்டியலைத் திரையில் போடச் சொன்னேன். 43 வரி வந்தது. ஒவ்வொன்றும் 'ஆள் ஒப்ஜெக்ட்' என்று தொடங்கி, ஏதோ ஒரு நீளமான எண்ணில் முடிந்தது. ஒரு பெயர்கூட இல்லை.

தன் கொப்பியோடு வந்து பக்கத்தில் இருந்த ஹனீபா சிரித்தார். "நீ ஆரு எண்டு கேட்டா, நான் இந்த மூலையில இரிக்கன் எண்டு சொல்லுது. அது மெமரியில இரிக்கிற இடம் சேர். பேரச் சொல்லு எண்டு நீங்கதான் எழுதிக் குடுக்கணும்."

அந்த வகுப்புக்கு அவர் வந்திருக்கிறார் போலும். நாம் உண்டாக்கும் ஒப்ஜெக்ட், அதாவது ஒரு ஆளின் பதிவு, தன்னை எப்படி அறிமுகப்படுத்த வேண்டும் என்று நாமேதான் சொல்லித்தர வேண்டும். அதற்கு 'ஸ்ட்ர்' என்று ஒரு சின்னப் பகுதி — முன்னால் இரண்டு அடிக்கோடு, பின்னால் இரண்டு. எழுதினேன். பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம் என்று ஆட்கள் வரிசையாக வந்து நின்றார்கள்.

ஒப்பிடுவதும் அப்படித்தான். சொல்லித்தராவிட்டால், ஒரே ஆளின் இரண்டு பதிவையும் அது இரண்டு ஆள் என்றே எண்ணும். எது ஒத்துப்போனால் ஒரே ஆள் என்பதை 'ஈக்யூ' என்ற பகுதியில் எழுத வேண்டும்.

எது ஒத்துப்போனால்?

பெயர் என்று எழுதினேன். 39! துள்ளாத குறை... ஆனால் தம்பிராசாவைக் காணவில்லை. எங்கள் பகுதியில் அந்தப் பெயரில் இரண்டு பேர். முன்னால் பதிந்தவர் பின்னால் பதிந்தவரை விழுங்கிவிட்டார்.

பெயரை அழித்து, அட்டை இலக்கம் என்று எழுதினேன். மறுபடியும் 43. மணி 10.40.

"சேர்?" — விறாந்தையிலிருந்து குரல்.

மூன்றாம் தடவை தண்ணீர் குடித்தேன்.

ஹனீபாவுக்குப் போன வருடமே கண் சரியாகிவிட்டது. திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "இஞ்ச பாருங்க. ஒரே பேர், ஒரே வயசு. உங்கட கொப்பியில பழைய அட்டை, ஒன்பது இலக்கமும் 'வி' எண்ட எழுத்தும். என்ட கொப்பியில புது அட்டை, பன்னிரண்டு இலக்கம்!"

ஒரு ஆளுக்கு இரண்டு இலக்கம். பழையதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வோம். புதியதை அட்டையைப் பார்த்துச் சொல்வோம். பழையதைப் புதியதாக்குவது சுலபம். வியை எடுத்துவிட்டு, முன்னால் 19 போட்டு, பழைய இலக்கத்தில் ஐந்து எண்ணி ஒரு பூச்சியம் செருக வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக்கி, பிறகு ஒப்பிடு என்று எழுதினேன்.

40.

கதிரையில் சாய்ந்தேன்.

மூன்று பேர் இரண்டு கொப்பியிலும் பதிந்திருக்கிறார்கள் — ஒன்றில் தப்பினாலும் மற்றதில் இருக்கட்டும் என்று. யாரந்தப் பயந்தாங்கொள்ளிகள்? ஹனீபா வாசித்தார். முதலாவது பெயர்... இரண்டாவது... மூன்றாவதில் குரல் நின்றது.

"சேர், இது நீங்க."

மாசியில் ஏறாவூர் போனபோது, எதற்கும் இருக்கட்டும் என்று அவருடைய கொப்பியிலும் பதிந்தது ஞாபகம் வந்தது. தம்பிராசாவின் இடத்தில் இவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன்!

"எல்லாத்தையும் எண்ணுற மனுசன், உங்களையே ரெண்டு தரம் எண்ணிப்போட்டீங்களே!"

11.26க்கு அனுப்பினேன். விறாந்தைக்குப் போனேன்.

"பேர் இரிக்கு தம்பிராசா. நாற்பதாவது."

"ஆகக் கடைசியா சேர்?"

"கடைசி எண்டாலும் உள்ளுக்குத்தான்!"

அவர் சிரித்தார். நான் இரண்டு தரம் பதிந்ததையும் சொன்னேன். அதற்கும் சிரித்தார். தண்டம் என்னவென்று ஹனீபா தீர்ப்புச் சொன்னார். சந்திக் கடையில் பிளேன்ரீ மூன்று, உளுந்து வடை மூன்று — 360 ரூபாய். இரண்டு தரம் எண்ணிப் பார்த்துத்தான் கொடுத்தேன்.