பதினான்கு வால்வுகள்

மன்னாரில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் நான் கணக்கெழுதும் இலிகிதராக இருந்தபோது, அமோனியா இயந்திரத்தை இயக்கியவர் மெலிந்த, நரைத்த மனிதர். காலையில் பதினான்கு வால்வுகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, முகர்ந்து பார்த்த பின்பே இயந்திரத்தை ஓடவிடுவார்.

"அண்ணை, சிலுவைப்பாதை முடிஞ்சுதோ?" என்று ஐஸுக்குக் காத்திருக்கும் மீனவர்கள் கேலி செய்வார்கள்; தேவாலயச் சிலுவைப்பாதையிலும் நின்று செபிக்கும் இடங்கள் பதினான்கு. அவர் அடுத்த வால்வுக்குப் போவார்.

ஒருநாள் ஒன்பதாவது வால்வில் மூச்சை அடைக்கும் அமோனியா நச்சு வாயு கசிந்தது. அதை மாற்றும்வரை ஓட்ட முடியாது என்றார்.

"மீன் பழுதாகுது. ஓட்டுங்கோ," என்றார் முதலாளி.

"நான் ஓட்டமாட்டன், ஐயா."

"அப்ப வீட்டை போங்கோ."

போகும்போது என் மேசையருகே நின்றார்.

"தம்பி, கதவுக்குக் கிட்ட இருங்கோ."

முதலாளியே இயந்திரத்தை ஓடவிட்டார். மீனவர்கள் கைதட்டினார்கள். நான் என் கதிரையைக் கதவருகே இழுத்துப் போட்டேன். உள்ளே நின்றவர்களிடம் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.