சத்தம் குறையும்போது

டாக்டர் சீட்டில் பயோஃபீட்பேக் என்று எழுதித் தந்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "தலைல கரண்ட்டு வெப்பாங்களாயா?" என்பதுதான். எனக்கும் அதே சந்தேகம். கேட்கத்தான் வாய் வரவில்லை.

காசிமேட்டில் நான் விசைப்படகு டிரைவர். ஒருமுறை நடுக்கடலில் இஞ்சின் நின்று இரண்டு நாள் தத்தளித்துத் திரும்பினோம். அதிலிருந்து சும்மா உட்கார்ந்திருந்தாலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தில் கோளாறில்லை, வெறும் பயம்தான் என்றார்கள். வெறும் பயமாம்! பட்டவனுக்கல்லவா தெரியும். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்ப மூன்று வாரம்தான் இருந்தது. "அதுக்குள்ள சரியாவலன்னா வேற டிரைவரைப் போட்டுக்கிறேன், தப்பா நெனைக்காத மாமு" என்று ஓனர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் சிகிச்சை தரும் பெண் என் இரண்டு விரல்களில் பட்டை மாட்டி, ஒயரை ஒரு பெட்டியில் சொருகினார்.

"ஷாக் அடிக்குமா மேடம்?"

"அடிக்காது. உங்க விரல் வேர்க்கறத இது அளக்குது, அவ்வளவுதான். பதற்றமானா பெட்டியோட சத்தம் ஏறும், அமைதியானா குறையும்."

"நான் நெனைக்கறது இதுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எத்தினி தபா வரணும்? பூரா சரியாப் பூடுமா?"

"அது ஆளுக்கு ஆள் மாறும். பெட்டி எதையும் குணப்படுத்தாது, காட்டும். நீங்கதான் பழகணும்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவே இல்லை. நான் பழகுவதற்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று மனசுக்குள் திட்டினேன்.

மூச்சை மெல்ல விடச் சொன்னார். சத்தம் இறங்கும், பாதி இறங்கியதும் விருட்டென்று ஏறிவிடும். நான்கு தடவை போயும் இதே கதை. நாட்கள் ஓடின. ஐந்தாம் தடவை அவர், "குறையும்போதெல்லாம் ஏன் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடுது?" என்று கேட்டார்.

"சத்தம் கொறஞ்சா இஞ்சின் நிக்கப் போவுதுன்னு அர்த்தம் மேடம். படுத்துகினு இருந்தாகூட என் காது அங்கதான் கீது."

சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் சத்தத்தை அணைத்துவிட்டு, பெட்டியில் அளவு காட்டும் முள்ளை மட்டும் பார்க்கச் சொன்னார். அன்றுதான் முள் இறங்கிய இடத்தில் நின்றது. கடைசித் தடவை சத்தத்தைத் திரும்பப் போட்டார். அது கொஞ்சம் ஏறி, பிறகு தானாக இறங்கியது.

தடை முடிந்ததும் படகை நானே எடுத்தேன். வலை இழுக்கும் நேரத்தில் டிரைவர்தான் இஞ்சினைக் குறைக்க வேண்டும். என் கை நகரவில்லை.

"இன்னா நைனா, ஸ்லோ பண்ணு!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. மூச்சை நீளமாக விட்டேன். இன்னொரு முறையும் விட்டேன். பிறகு என் கையாலேயே இஞ்சினைக் குறைத்தேன். சத்தம் இறங்கியது. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. வலை முழுவதும் மேலே வரும்வரை இஞ்சின் பிடியிலிருந்து கையை எடுக்காமல் நின்றேன்.