கத்தாத பெட்டி

கணினி நிரலில் ரகத்துக்கு ஒன்றாகப் பிரித்துவைக்கும் 'கிளாஸ்' என்ற அமைப்பை யார் எழுதிக்கொண்டு வந்தாலும், திரையைப் பார்ப்பதற்கு முன்பே எங்கள் குழுவில் மூத்தவரான அக்கா கேட்டுவிடுவார்: "எத்தனை ரகம் இருக்கு?" ஒன்றுதான் என்றால் போச்சு. "ஒரே ரகத்துக்கு எதுக்குப்பா கிளாஸ்? ஒரு ஃபங்ஷன் போதாதா?"

லிஸ்ப் மொழியில் இருபது வருடமாக நிரல் எழுதுகிறார். அதன் அடைப்புக்குறிகளைப் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணுவதில் அவர் திரை முழுக்கக் கரிப்புள்ளி. துடைக்க வந்தவரிடம் ஒருமுறை சண்டையே போட்டார்.

எங்கள் நிரல் ஒரு ரத்த வங்கியின் சேமிப்புப் பெட்டிகளைக் கண்காணிக்கிறது. வெப்பம் எல்லை தாண்டினால் அலாரம் அடிக்க வேண்டும். ஐந்து வருடமாக ரத்தத்துக்கு ஒன்று, பிளாஸ்மாவுக்கு ஒன்று என இரண்டே ரகம். 'இதுவா, அதுவா' என்று நிரலில் நான்கு இடத்தில் கேட்டு வேலையை முடித்திருந்தார் அக்கா. கிளாஸ் வேண்டாம் என்றவரும் அவரே. இந்த வாரம் மூன்றாவதாக, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் பைகளை ஆட்டிக்கொண்டே இருக்கும் பெட்டி வந்து சேர்ந்தது.

இன்று மதியம் வங்கியிலேயே உட்கார்ந்து சோதித்தோம். காலியாக இருந்த புதுப் பெட்டியின் கதவை அக்கா திறந்துவைத்தார். வெப்பம் ஏறியது, எல்லையும் தாண்டியது. சத்தமே இல்லை. மூன்று மணிக்குப் பைகள் வந்துவிடும். மேல்மாடியில் ஒருவர் அறுவை சிகிச்சைக்காக அவற்றை நம்பிப் படுத்திருக்கிறார். அப்போது மணி இரண்டு பத்து.

நிரலின் அந்த நான்கு இடங்களில் மூன்றில் மட்டும் அக்கா புதுப் பெட்டியைச் சேர்த்திருந்தார். நான்காவதில் அது 'மற்றவை' என்ற வரியில் போய் விழுந்து, ஒன்றும் செய்யாமல் திரும்பியிருக்கிறது. தலையைத் தூக்காமல், "தப்பு என்னுது" என்றார். ஒரு வரி சேர்த்தால் தீர்ந்ததே என்று கூட வந்திருந்த எங்கள் மேலாளர் பறந்தார்.

"ஒரு வரி போட்டா இன்னைக்கு அடிக்கும் சார். நாளைக்கு நாலாவது பெட்டி வரும், வேற யாராவது ஒரு இடத்தை மறப்பாங்க. மறந்தா நிரல் வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாது" என்றார் அக்கா.

ஓடும் நிரலை நிறுத்தாமலே எழுதினார். ரகத்துக்கு ஒரு கிளாஸ், ஒவ்வொன்றுக்கும் அதனதன் அலாரம்; சொல்லிவைக்காத ரகம் வந்தால் நிரல் அங்கேயே பிழை காட்டும். 'மற்றவை' வரியை அழித்தார். நான் கடிகாரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

இரண்டு ஐம்பதுக்கு எல்லை தாண்டியபோது அலாரம் காதைப் பிளந்தது. மேலாளர் சிரித்தேவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா சிரிக்கவில்லை. பக்கத்தில், ஐந்து வருடமாக யாரும் சந்தேகப்படாத ரத்தப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து, அதுவும் கத்துகிறதா என்று பார்க்க மெல்ல இழுத்தார்.